கிளைட்டன் போனுக்கு வந்த ஆறு நம்பர்

ஹலோ... ஹலோ கிளைட்டன், வச்சிராத. நான்தான். ... வில்பிரட். ... எந்த வில்பிரட்டா? உன் கூடப்பொறந்த அண்ணன், வில்பிரட் மச்சாது. ... ஆமா. ... ஆமாலே, பேசி ஆறு வருசம் ஆச்சு, எனக்கும் எண்ணத் தெரியும். அது கெடக்கட்டும். உன் போனுக்கு இப்பம் ஒரு மெசேஜ் வந்திருக்கும், பாரு. ஆறு நம்பர் இருக்கும். அதைச் சொல்லு.

... எதுக்கா? என் கேரம் அக்கவுண்டுக்கு. ... போன்ல ஆடுத கேரம்லே. நீதான தொறந்து குடுத்த? அப்பம் என் கையில பட்டன் போனு, அதனால உன் நம்பரைப் போட்டுத் தொறந்த. அந்த நம்பர்தான் இன்னும் அதுல கெடக்கு. இப்பம் எவனோ ஒரு ஈனப்பய உள்ள பூந்து பாஸ்வேர்டை மாத்திட்டான். திரும்பப் புடிக்கணும்னா உன் போனுக்கு வந்த நம்பரைப் போடணுமாம். பத்து நிமிசம்தான் அது செல்லுமாம்.

... வெளையாட்டுத்தானேன்னு லேசாச் சொல்லிட்ட. ஈஸ்டருக்குக் கோட்டு போட்டு எடுத்த என் போட்டோ அதுல இருக்கு. மச்சாதுன்னு நம்ம பேரு இருக்கு. அதுக்குக் கீழ வாயில வைக்க முடியாத வார்த்தையா எழுதுதான். தோக்கப் போற ஆட்டத்துல பாதியில எந்திரிச்சு ஓடுதான். த்தூ. சாக்கடையில கெடந்த கால என் கட்டில்ல தூக்கி வச்ச மாதிரி இருக்கு.

இன்னும் கேளு. நேத்து சாயங்காலம் மணப்பாட்டு பர்னபாஸ் சார்கூட ஆடியிருக்கான். ... என் மவ அனுஜாவுக்குப் பாத்திருக்க மாப்பிள மெல்வினோட அப்பா. ... ஆமா, கல்யாணம். ... ஆமா, ஆமா. ரெண்டு கல்யாண ஓலை கோயில்ல வாசிச்சு அறிவிச்சாச்சு, மூணாவது வரப்போற ஞாயித்துக்கெழம. ... உனக்கு ஏன் சொல்லலன்னு இப்பம் கேக்காத, நேரம் ஓடுது. அந்த மனுசன்ட்ட, 'கெழட்டு நாயே, கண்ணு தெரியலன்னா போய்ச் செத்துத் தொலை'ன்னு எழுதியிருக்கான். என் போட்டோவுக்குக் கீழ. எட்மாஸ்டரா இருந்தவரு அவரு. காலையில இருந்து போனை எடுக்க மாட்டேங்காரு. மூணாவது ஓலைய வாசிக்காண்டாம்னு பங்குச் சாமியார்ட்ட சொல்லப் போறாராம். மெல்வின்தான் அனுஜாட்ட சொல்லியிருக்கான். அக்கவுண்டு கைக்கு வந்தா, எந்த ஊர்ல இருந்து எவன் போன்ல நொழைஞ்சான்னு அதுலயே காட்டுமாம். அதைக் கொண்டு போய்க் காட்டினாத்தான் அவரு நம்புவாரு. சொல்லு, என்ன நம்பர்?

... என்னது? ... நான் வில்பிரட் இல்லையா? ... குரலு எப்பிடிலே ஒண்ணு போல இருக்கும், நான்தான பேசுதேன். ... ஓ, குரலையும் இப்பம் மெசின்ல செஞ்சு பேசுதானுவளோ. ... 'என் அண்ணன் செத்தாலும் எனக்குப் போன் போட மாட்டான்'னா? நல்லாத்தான் தெரிஞ்சு வச்சிருக்க. ... ஆமா, யாருக்கும் சொல்லக் கூடாது, நானும் டிவியில பாத்திருக்கேன். ஹார்பர் கேட்டுல காவலுக்கு நின்னு நின்னு கூடப்பொறந்தவன்ட்டயும் பாஸ் கேக்க வந்துட்டான் பாரு.

சரி, கேளு. உன் ஞானஸ்நானப் பேரு லாசரு. ... கோயில் ரிஜிஸ்டர்ல இருக்கா. சரி. நம்ம தோணி ஸ்டெல்லா மேரி, அப்பா கட்டினது எண்பத்தொண்ணுல. ... வீட்டுச் செவுத்துலயே எழுதியிருக்குன்னா? எழுதத்தான் செய்வோம், திருட்டுத் தோணியா அது. ... ... ஆமா. ... ஆமா, அந்தப் பேரையும் வருசத்தையும்தான் பாஸ்வேர்டாப் போட்டிருந்தேன். ... போட்டோவும் அந்தச் செவுத்துக்கு முன்னால நின்னு எடுத்ததுதான். சிரிக்காத. அன்னைக்கே நீ வேண்டாம்னு சொன்ன, கேக்கல. பேரும் ஊரும் இல்லாத எதையாவது போடுன்ன. எனக்கு அது அருவருப்பா இருந்துச்சு. போதுமா?

... நீ ஒண்ணு கேப்பியா? சரி, கேளு, சீக்கிரம். ... ...

அதை இப்பம் எதுக்குலே எடுக்க. ... ஸ்டெல்லா மேரி முயல்தீவு மணல்திட்டுல ஏறி ஒடஞ்சன்னைக்கு சுக்கான்ல யாரு. இது ஒரு கேள்வியா? ஊருக்கே தெரிஞ்சதுதான. கிளைட்டன் சுக்கான்ல இருந்து உறங்கிட்டான். ... தப்பான பதிலா? ... இன்னும் ஒரு தடவதான் சொல்லலாமா? நீ என்ன, மனுசனா மெசினாலே?

ஏளா அனுஜா, நீ கொஞ்சம் உள்ள போ. ... எத்தன நிமிசம்? மூணா? ... சரி, போகாத, நில்லு. போனைக் கையில வச்சிட்டு நில்லு. ... உன்ன இல்லலே, அனுஜாட்ட சொன்னேன். அவதான் நம்பரைப் போடணும், இங்கனதான் நிக்கா. ... அவ முன்னாலயா? ஏலே, வேற எதாவது கேளு. ... அம்மா கால்ல விழுந்த தழும்பு எந்தக் கால்னு கேளு. ... ...

நான்தான்.

... சத்தமாத்தான் சொன்னேன். சுக்கான்ல நான்தான் இருந்தேன். மாலத்தீவுல இருந்து திரும்பி வாரோம். ஹார்பர் கண்ணுக்குத் தெரியுது, நல்ல வெயிலு. நீ ரெண்டு நாளா கண்ணு மூடல. போய்ப் படு, நான் பாத்துக்கிடுதேன்னு உன்ன அனுப்பினதே நான்தான். சோறு தின்ன மயக்கம், கண்ணு செருகிட்டு. அடியில மண்ணு தட்டின சத்தத்துலதான் முழிச்சேன். தோணிய நடத்துத தண்டல் நான். தண்டல் பட்டப்பகல்ல உறங்கினான்னு அப்பாட்ட எந்த வாயால சொல்லச் சொல்லுத? நீ எளையவன். பழிய உன் மேல தூக்கிப் போட்டேன். ... ஆமா. ... ஆமா, அவரு அதை நம்பிக்கிட்டேதான் செத்தாரு. ... அந்தப் பய எழுதினதை விட இது நாறுது. நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா. இது எந்த ரிஜிஸ்டர்லயும் கெடையாது, எந்தச் செவுத்துலயும் கெடையாது. இப்பம் நம்புதியா நான் யாருன்னு?

... சொல்லு. ஏளா, போடு. நாலு... ஏழு... ஏளா. ... அனுஜா.

... இருலே. போனை மேசையில வச்சிட்டா. ... உள்ள போய்க் கதவைச் சாத்திட்டா. ... என் மூஞ்சிய ஒரு பார்வை பாத்தா, அவ்வளவுதான். மீன் கூடையில புழுவைப் பாத்த மாதிரி. ... நீ சொல்லு, நானே போடுதேன். மெதுவாச் சொல்லு, எழுத்துப் பொடிசா இருக்கு. நாலு... ஏழு... ரெண்டு... அடுத்து? ... ஒம்போது. இரு, வெரல் பக்கத்துல பட்டுட்டு. ... ஒம்போது. ... ஒண்ணு. ... மறுபடியும் ஒண்ணா? ... சுத்துது. சுத்திக்கிட்டே இருக்கு.

... தொறந்துட்டு. ... ஆமா, வேற போன் ஒண்ணு காட்டுது, ஏதோ வடக்க உள்ள ஊரு. நான் பாத்ததே இல்லாத ஊரு. ... வெளிய தள்ளுன்னு ஒண்ணு இருக்கா? ... இருக்கு, அமுக்கிட்டேன். ... பாஸ்வேர்டு மாத்தச் சொல்லுது. ... பேரு இல்லாம, வருசம் இல்லாம. சரி, சரி. இனி அந்தப் பேரைப் போட எனக்கும் கை வராது.

... பர்னபாஸ் சார்ட்ட இதைக் காட்டுதேன், ஓலை நிக்காது. ... அவளா? இன்னும் கதவு சாத்தித்தான் இருக்கு. சித்தப்பா வீட்டு வாசல மிதிக்கக் கூடாதுன்னு ஆறு வருசம் அவளுக்குச் சொன்னவன் நான். இனி நான் சொன்னா எதைக் கேப்பா. ... நீ பேசுதியா? ... ஞானஸ்நானத்துல அவளக் கையில ஏந்தின ஞானத்தகப்பன் நீ, நீ சொன்னாக் கேப்பா. ... இல்லலே, எனக்காக ஒண்ணும் சொல்லாண்டாம். கல்யாணத்துக்கு வாரேன்னு மட்டும் சொல்லு. ... ம். ... வைக்காத, அப்பிடியே இரு. உள்ள கொண்டு போறேன்.

ஏளா அனுஜா. கதவைத் தொற. கிளைட்டன் சித்தப்பா லைன்ல இருக்கான். ... என் மூஞ்சியப் பாக்காண்டாம். போனை மட்டும் வாங்கு.