கீழ்வீட்டுச் சூடு

செருப்பக் கழட்ட வேணாம்மா, அப்படியே வா. காலியாக் கெடக்குற வீடு, யாரு என்ன சொல்லப் போறா. வீட்டுக்காரரு ஃப்ரீடெல் வெளியூர்ல இருக்காரு, அதான் வாடகைக்குப் பாக்க வர்றவங்களுக்குக் காட்டச் சொல்லி சாவிய எங்கிட்ட விட்டிருக்காரு. என் பேரு எர்னா. நேர் மேல்வீடு. உன் கூரைதான் எனக்குத் தரை.

எந்த ஊருன்னு சொன்ன? வலென்சியாவா! வருஷம் பூரா வெயிலடிக்கிற ஊராச்சே, அப்போ குளிரே ஒத்துக்காதே உனக்கு? ரொம்ப நல்லது. இல்லம்மா, பாவம்னு சொல்ல வந்தேன். இங்க உல்ம் ஊர்ல நவம்பர்ல மூடுற வானம் மார்ச்லதான் தொறக்கும், தெரிஞ்சுக்கோ.

நேத்து ஒருத்தன் வந்தான், விளையாட்டு வாத்தியாராம். வீட்டுக்குள்ள பதினாறு டிகிரி போதுமாம். பனி பெய்யறப்போ ஏரியில எறங்கிக் குளிப்பானாம். தம்பி, இங்க எலித்தொல்லை ஜாஸ்தின்னு சொல்லி அனுப்பிட்டேன். சேச்சே, எலியெல்லாம் இல்ல, நீ பயப்படாத.

எத்தனையாவது மாசம்? ஏழா. பச்சப்புள்ளைக்கு இருபத்திநாலு டிகிரியாவது வேணும்மா. இருபது போதும்னு டாக்டர் சொன்னாரா? சொல்லுவாரு. ராத்திரியில புள்ள கை சில்லுன்னு ஆனா அவரா வந்து தடவிக் குடுக்கப் போறாரு? இந்த ஹீட்டரப் பாரு, ஜன்னலுக்குக் கீழ. பழசுதான், ஆனா முழுசாத் திருகி விட்டா ஒரு மணி நேரத்துல வீடு கதகதன்னு ஆயிரும்.

நானா? நான் ஹீட்டர் போடுறதே இல்லம்மா. எத்தனையோ வருஷமாச்சு, அதுமேல பூந்தொட்டிதான் வெச்சிருக்கேன். சிக்கனம் எங்க சனத்துக்கு ரத்தத்துலயே ஊறுனது. சூடுன்னா மேலதான ஏறும், அது அதோட குணம். எங்க அண்ணன் மக கேக்குறா, அத்தை, இது திருட்டு இல்லையான்னு. எதுடி திருட்டு? நான் என்ன ஏணி போட்டு எறங்கியா எடுத்தேன்? வீடு தேடி வர்றத வேணாம்னு எப்படித் தொரத்துறது?

முன்னாடி இங்க இருந்தவரு புல்லிங்கர். ரயில்ல டிக்கெட் பாத்துட்டு ரிட்டயர் ஆனவரு. தங்கமான மனுஷன். மூட்டுவலிக்காக இருபத்தஞ்சுலயே வெச்சிருப்பாரு. டிசம்பர்ல நான் வெறுங்காலோட நடப்பேன், போயேன்.

ஒரே ஒரு கெட்ட பழக்கம், இந்த ஜன்னல். காலையிலயும் சாயங்காலமும் விரியத் தொறந்து வீட்டுக்குக் காத்து விடுறது இங்க எல்லாரும் பண்றதுதான், இல்லேன்னா செவுத்துல பூஞ்சை பிடிச்சிரும். அதுக்கு அஞ்சு நிமிஷம் போதாதா? அவரு அரை மணி நேரம் தொறந்து போட்டுருவாரு. சூடு அம்புட்டும் தெருவுக்குப் போகும். படியில மடக்கி மடக்கிச் சொல்லுவேன். சிரிப்பாரு. ஒத்தையில கெடக்குறவன் வீட்டுக்குக் காத்தாவது வந்துட்டுப் போகட்டுமே எர்னாம்மான்னு சொன்னாரு ஒரு தடவை.

போன டிசம்பர்ல ஒரு நாள் ஜன்னல் தொறக்கல. மறுநாளும் தொறக்கல. அப்பாடா, கடைசியா நம்ம பேச்சக் கேட்டுட்டாருன்னு எனக்குச் சந்தோஷம் தாங்கல. அந்த வாரம் என் தரை இருந்த சூட்டுக்கு ரொட்டி மாவ வெச்சாப் பொங்கிரும். சும்மா விடலாமா? கிறிஸ்துமஸ் பிஸ்கட் சுட்டு, ஒரு தட்டுல அடுக்கி, அவரு வாசல்ல வெச்சு மணி அடிச்சேன். வரல. மறுநாள் பாத்தா தட்டு வெச்சது வெச்சபடி இருக்கு. சர்க்கரை இருக்கும்போலன்னு எடுத்துட்டு வந்து நானே தின்னுட்டேன்.

படிக்கட்டுக் கூட்டுற முறை அந்த வாரம் அவருது. கூட்டலேன்னு எதிர்வீட்டு ஷ்டோட்ஸ் அம்மா ஃப்ரீடெலுக்குப் போன் போட்டு ஒரே சண்டை. அவரும் திட்டணும்னுதான் கெளம்பி வந்தாரு. சாவி போட்டுத் தொறந்தா, மனுஷன் நாற்காலியில உக்காந்தபடியே போயிருக்காரு. ஒரு வாரம் ஆயிருச்சாம்.

எனக்கு எப்படிம்மா தெரியும்? தரை சூடாத்தான இருந்துச்சு. ஹீட்டர் ஓடுது, மனுஷன் நல்லாத்தான் இருக்காருன்னு நெனச்சேன். போலீஸ்காரங்க வந்ததும் அத அணைச்சாங்க. கொஞ்ச நேரத்துல என் காலுக்குச் சில்லுன்னு ஏறுச்சு பாரு, அப்போதான் அழுதேன். அவருக்காகத்தான் அழுதேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன்.

என்னம்மா, மூஞ்சி வெளுத்துப்போச்சு? எங்க போற? காத்து வேணுமா? சரி, தொறந்துக்கோ. கொஞ்சமாத் தொறம்மா, என் வீடு வேற இப்பவே சில்லுன்னு கெடக்கு.