ஒதிலியாவின் பூ, முழு அளவில்

படத்தைச் சின்னதாக்குவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, மேடம். கலார்க்கா பஸ் நிலையத்துக்கு எதிரே ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் முகம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்றுதான் கேட்பார்கள். ஆர்க்கிட் வளர்க்கிறவர்கள் மட்டுமே என்னிடம் சின்னதாக்கித் தரச் சொன்னார்கள். அதனாலேயே அவர்களை எனக்குப் பிடித்துப்போயிற்று.

எங்கள் மன்றம் இணையத்தில் நடப்பது. பழைய காலத்து ஃபோரம். பெரிய படத்தை ஏற்றினால் சிவப்பு எழுத்தில் திட்டிவிட்டுத் திருப்பி அனுப்பிவிடும். பூ வளர்க்கிறவர்களோ பெரும்பாலும் மலைமேல் இருப்பவர்கள். அங்கே சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காது, பொறுமையும் கிடையாது. படத்தை அப்படியே எனக்குத் தள்ளிவிடுவார்கள். நான் அகலத்தைக் குறைத்து, இருட்டாக இருந்தால் கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, அவரவர் பெயரிலேயே பதிவில் போட்டுவிடுவேன். அட்மின் நான்தான். இதற்காக யாரிடமும் கைநீட்டியதில்லை.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. செடி எங்கே பூத்திருக்கிறது என்பதை எங்கள் ஆட்கள் கூடப்பிறந்தவனிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். வெளியே தெரிந்தால் திருடர்கள் மரப்பட்டையோடு உரித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் செல்போனில் எடுத்த படத்துக்குள் அதை எடுத்த இடமும் உட்கார்ந்திருக்கும். விவரம் தெரிந்தவன் திறந்து பார்த்தால் வரைபடத்தில் புள்ளி விழுந்துவிடும். நான் சுருக்குகிற முறையில் அது உதிர்ந்துபோகும். ஆகவே எந்தப் படமும் ஆர்சேசியோ கை வழியாகத்தான் போக வேண்டும் என்பது மன்றத்தில் எழுதாத சட்டம். ஆர்சேசியோ என்பது நான்.

எங்கள் மன்றத்து ஒதிலியாவை நீங்கள் பார்த்த கோலத்தில் வைத்து நினைக்காதீர்கள். அவள் சிரிக்கிறவள். "ஆர்சே அண்ணே, இன்னிக்கு ஒரு குண்டுப்பொண்ண அனுப்பறேன். இளைக்க வெச்சுக் குடுங்க, மூக்கு முழி மட்டும் கெடாம பாத்துக்கங்க" என்று வாய்ஸ் மெசேஜ் வரும். பெரிய படத்தைத்தான் குண்டுப்பெண் என்பாள். கடையில் ஆள் இருந்தாலும் அதைக் கேட்டுவிட்டுத்தான் கேமராவைத் தொடுவேன்.

ஒரே தடவைதான் நேரில் பார்த்தோம், பக்கத்து நகரமான அர்மேனியாவில் நடந்த பூக்காட்சியில். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்தாள். வெளியே நின்று பாலாடைக்கட்டி வைத்த சோள ரொட்டி சாப்பிட்டோம். ரொட்டியைப் பிடித்த கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டாள்.

"என் புருஷன் வில்மார் கதவுல வெச்சு நசுக்கினதுண்ணே" என்றாள். "லாரி ஓட்டறவன். போற ஊரெல்லாம் என்னைத் தேடிட்டுதான் இருக்கான். நான் இருக்கற இடம் தெரிஞ்சா அன்னிக்கே என் கதை முடிஞ்சுது. உங்ககிட்ட மட்டும்தான் சொல்லிருக்கேன்."

"அப்புறம் எதுக்கும்மா படம் போடறே?"

"பூத்தா நாலு பேரு பாக்கணும்ணே. அதுவும் இல்லன்னா இப்பவே செத்த மாதிரிதான்."

உங்ககிட்ட மட்டும் என்றாள். அந்தச் சொல்லை நான் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தேன் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டை விட்டு ஓடி வந்தபோது அவள் எடுத்து வந்தது ஒரே ஒரு செடி. இரண்டு வகையைச் சேர்த்து, விதையிலிருந்து அவளே உண்டாக்கியது. மஞ்சள் இதழ், உதட்டில் ஊதாக் கோடு. உலகத்திலேயே அது ஒன்றுதான். அது பூத்தபோது சுருக்கிப் போட்டேன், அவள் மன்றத்தில் வைத்திருந்த புனைபெயரில். உறுப்பினர் அல்லாதவர்களுக்கு எங்கள் படங்கள் தபால்தலை அளவில்தான் தெரியும். அந்தத் தபால்தலையிலேயே அவன் கண்டுபிடித்துவிட்டான். மன்றத்தில் சேர விரும்புவதாக விண்ணப்பம் வந்தது. "ஐயா, அந்த மஞ்சப்பூ எங்க வீட்டு முற்றத்துல இருந்தது. வளர்த்தவ என் பொண்டாட்டி. அவ நல்லா இருக்கான்னு தெரிஞ்சா போதும்" என்று எழுதியிருந்தான். கீழே வில்மார் என்று கையெழுத்து.

நான் அவனைச் சேர்க்கவில்லை. தள்ளுபடியும் செய்யவில்லை. காத்திருப்போர் வரிசையில் விட்டுவைத்தேன். ஒதிலியாவிடம் மூச்சுவிடவில்லை, பயந்துபோய்ப் படம் போடுவதையே நிறுத்திவிடுவாள் என்று. அதன் பிறகு அவள் குண்டுப்பெண், ஒல்லிப்பெண் என்று கேலி பேசும்போதெல்லாம் அவள் உயிர் என் கையில் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அது நல்ல உணர்வு. மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

பிறகு ராமிரோ வந்தான். பெரேய்ராவில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறவன். பூவைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, ஆனால் எல்லார் பதிவிலும் போய் உட்கார்ந்துகொள்வான். ஒரு நாள் ஒதிலியாவின் படம் என் கை படாமல் மன்றத்தில் வந்து நின்றது. கீழே எழுதியிருந்தாள்: "இனிமே ஆர்சே அண்ணன் நிம்மதியா இருக்கலாம். நானே சுருக்கக் கத்துக்கிட்டேன். குரு ராமிரோ. அண்ணன் கைக்குப் போனா என் பூவெல்லாம் நாலு தடவ துவைச்ச சட்டை மாதிரி வெளுத்துப்போகும். இப்ப பாருங்க நிறத்த."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் ஒரு சிரிக்கிற முகத்தைப் போட்டேன். துரோகம் என்ற சொல்லை நான் கண்டபடி உபயோகிக்கிறவன் இல்லை, மேடம். மனைவி விட்டுப் போனபோதுகூட அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. ஒதிலியா என்னை ஊர் பார்க்கக் கழற்றிவிட்டாள்.

அந்தப் படத்தைத் திறந்து பார்த்தேன். ராமிரோ சொல்லிக்கொடுத்த முறையில் அளவு குறைந்திருந்தது, இடம் அப்படியே இருந்தது. அவள் வீட்டு மேற்கூரை வரை வரைபடத்தில் தெரிந்தது. உடனே படத்தை எடுத்து, சுத்தம் செய்து, திரும்ப வைத்தேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். முதல் தடவை காப்பாற்றினேன்.

அவளுக்கு போனும் செய்தேன். "படத்தை வழக்கம்போல எனக்கே அனுப்பிடு" என்றேன்.

"ஏண்ணே, கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. பழகின முறை, அவ்வளவுதான்."

"அட போங்கண்ணே, நான் என்ன உங்க பொண்டாட்டியா? பூவ ஒருத்தர்கிட்டதான் காட்டணும்னு எங்கயாவது இருக்கா?" என்று சிரித்தாள். கேலியாகத்தான் சொன்னாள், தெரியும்.

படத்துக்குள் இடம் இருக்கிறது என்று அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். சொன்னால் ராமிரோவிடம் கேட்டு அதையும் சரிசெய்துகொண்டிருப்பாள். பிறகு நான் எதற்கு?

அடுத்த படத்தை நான் தொடவில்லை. தொடாமல் இருப்பது குற்றமா என்று சட்டம் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும். அதே மஞ்சள் பூ, மறுபடி பூத்திருந்தது. நிறம் நன்றாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். காத்திருப்போர் வரிசையில் வில்மார் இன்னும் இருந்தான். அனுமதி என்ற பொத்தானை அழுத்தினேன். ஓர் அட்மின் தினமும் செய்கிற வேலை அது.

அவன் உள்ளே வந்து படத்தைப் பார்த்துவிட்டு எனக்குத் தனியாக எழுதினான். "நன்றிங்கய்யா. அவ எந்த ஊருன்னு யாருக்காவது தெரியுமா?" பாவம், படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊரைக் கேட்கிறான். செல்போன் படத்தில் என்னென்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரியவில்லை. எந்தத் தளத்தில் ஏற்ற வேண்டும், எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். எனக்கும் கற்றுக்கொடுக்க வரும்.

அவன் கொல்லுவான் என்று நான் நினைக்கவில்லை. அவன் வந்து நிற்பான், அவள் மிரளுவாள், மிரண்டால் எங்கே ஓடி வருவாள்? அவள் ரகசியம் தெரிந்த ஒரே ஆளிடம்தானே. இந்த அளவுக்குத்தான் கணக்குப் போட்டேன். அது தப்பவும் இல்லை. மெசேஜ் வந்தது. நீங்களே அதைக் கேட்டிருப்பீர்கள்.

"அண்ணே, கீழ ரோட்டுல ஒரு லாரி நிக்குது. அவன் லாரி மாதிரியே இருக்கு. எப்படிண்ணே தெரிஞ்சிருக்கும்? என் படத்துல ஏதாவது இருக்குதா? நீங்கதான் இதெல்லாம் தெரிஞ்சவரு. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கண்ணே."

ராமிரோவைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாள். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். எதிரே ஒரு பெண் குழந்தையோடு படத்துக்கு உட்கார்ந்திருந்தாள். குழந்தை கேமராவைப் பார்க்காமல் படுத்திக்கொண்டிருந்தது. கூப்பிட்டு, பின்பக்கமாக இறங்கி ஓடு என்று ஒதிலியாவிடம் சொல்ல ஒரு நிமிஷம் போதும். என்னை அவ்வளவு நாள் காக்க வைத்தவள், கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று தோன்றியது. குழந்தையைச் சிரிக்க வைத்து, படம் எடுத்து, வெட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மன்றத்தில் இரங்கல் பதிவு நான்தான் போட்டேன். அவளுடைய மஞ்சள் பூவையே போட்டேன், என் முறையில் சுருக்கி, இடத்தை நீக்கி. இந்தத் தடவை நிறம் வெளுக்கவில்லை. நிறையப் பேர் அழுது எழுதினார்கள்.

நீங்கள் ராமிரோவைப் பிடித்து வைத்திருப்பதாக அதில்தான் ஒருவர் எழுதியிருந்தார். அவன் சொல்லிக்கொடுத்த முறையால் வந்த வினை என்று ஊரே பேசுகிறது. அவன்மேல் இரக்கப்பட்டு நான் இங்கே வரவில்லை. அவள் படத்தை அவன் பெயரில் எழுதினாள், சும்மா இருந்தேன். அவள் சாவையும் நீங்கள் அவன் பெயரில் எழுதினால் எனக்குத் தாங்காது. ஒதிலியாவைக் காட்டிக்கொடுத்தது நான். அதைச் செய்யும் அளவுக்கு ராமிரோவுக்கு அவளோடு நெருக்கம் கிடையாது.