எழுபத்திரண்டு வீதத்தில் நிற்கும் கல்யாணம்

இல்லக்கா, பழுதெண்டு சொல்லாதீங்க. பழுது வேற, பிரச்சினை வேற. பழுதெண்டா உடைஞ்சது, தூக்கி எறியலாம். இது உடையல்ல. அந்தப் பச்சைக் கோடு ஓடுது தானே, அது நூறு வீதம் வரைக்கும் போனாத்தான் கல்யாண வீடியோ முழுசா ஒரு ஃபைலா வெளிய வரும். அது எழுபத்திரண்டில நிக்குது. அவ்வளவுதான். இப்ப மூணாந் தரம் போட்டிருக்கிறன். நீங்க இந்தக் கதிரையில இருங்க. ஃபேனுக்குக் கீழ இருக்கிற கதிரை வேணாம், அதுக்கு ஒரு கால் ஆட்டம்.

மதவாச்சி செக்பொயின்ற்றில எவ்வளவு நேரம் மறிச்சாங்க? ம்ம். இப்ப அப்பிடித்தான். பேக்கைக் கொட்டிப் பார்ப்பாங்க, பிறகு ஆளையும் கொட்டிப் பார்க்கிற மாதிரித்தான் பார்ப்பாங்க. மன்னாரிலயிருந்து பாலாவிக்கு வர ஒரு பகலும் ஒரு ராத்திரியும். எங்கட அப்பா காத்து சரியெண்டா தோணியில இதைவிடக் கெதியா வந்து இறங்கிடுவாராம்.

அந்தக் காணாமப் போனவங்கட ஃபோர்மைத் தாங்க பார்ப்பம். எமிலியானுஸ். வயசு இருபத்தி மூணு. கண்டக்குழியில கடல் தொழில். கடைசியாக் கண்டது பதினாலாந்தேதி, மீன் வாடிக்கு முன்னுக்கு, வேனில ஏத்தினதைக் கண்டவங்க இருக்கிறாங்க. தாயின்ட பேர் றோசா. எல்லாம் வடிவா எழுதியிருக்கிறீங்க. ஓம், படம் ஒட்டுற இடந்தான் வெறுமையா இருக்கு. படமில்லாம எடுக்க மாட்டமெண்டு ஒஃபிஸ்ல சொன்னது நியாயந்தான். பேரை வச்சு ஆளைத் தேட ஏலாது. எமில் எண்டு இந்தக் கரையில எத்தின பேர்.

விளங்குதக்கா. பேசாலையில வீட்டை விட்டு ஓடேக்க அல்பத்தைத் தூக்கோணுமெண்டு யாருக்கு நினைவு வரும். அடையாள அட்டை அவன்ட சேட் பொக்கெட்டோட போயிட்டு. மிச்சமிருக்கிறது அருளப்பு அண்ணன்ட மகள் அல்பொன்சாட கல்யாணம். அதில உங்கட மகன் இருக்கிறான். நான்தான் எடுத்தன், எனக்குத் தெரியாதா. சோடாப் பெட்டி தூக்கிக்கொண்டு வாறான், பிறகு பைலாப் பாட்டுக்கு ஆடுறான். நல்லா ஆடுறான்.

டேப்பா? டேப் இல்லக்கா. டேப்பை அழிச்சுத் திரும்பப் பாவிக்கிறதுதான் வழக்கம். அல்பொன்சாட கல்யாணத்துக்கு மேல இப்ப கற்பிட்டியில ஒரு பிள்ளையின்ட முதல் நன்மைப் பூசை இருக்கு. இருக்கிறது இந்தக் கொம்பியூட்டருக்குள்ள இருக்கிறதுதான். அருளப்பு அண்ணனுக்குக் குடுத்த டிவிடி இருக்குத்தான், அதில ஆக்கள் கொஞ்சம் மங்கல். ஒரு டிவிடிக்குள்ள மூணு மணித்தியாலக் கல்யாணத்தை அமுக்கினா முகமெல்லாம் சின்னச் சின்னக் கட்டமா உடையும். அதுவும் பிரச்சினைதான், பழுதில்ல.

சிரிக்காதீங்க. இந்த சாஃப்ட்வேர் செய்தவங்க புத்தகத்தின்ட பின்பக்கத்தில ஒரு பட்டியலே போட்டிருக்கிறாங்க, எங்களுக்குத் தெரிஞ்ச பிரச்சினைகள் எண்டு. தெரியும், இன்னும் திருத்தல்ல, ஆனா ஒளிக்கவும் இல்ல. நான் அந்தப் புத்தகத்தை ஜெபப் புத்தகம் மாதிரிப் படிச்சவன். எங்கட நாட்டில ஒரு அரசாங்கக் கந்தோரில அப்பிடி ஒரு பட்டியல் தொங்கவிட்டா எப்பிடியிருக்கும் எண்டு நினைச்சுப் பாருங்க. சுவர் காணாது.

சத்தம் பிந்துறது ஒண்டு. போன வருசம் ஒரு ஆள் வந்து சொல்றார், அல்பேட், ஃபாதர் வாயை மூடிட்டார், பிரசங்கம் இன்னும் ஓடுது எண்டு. நான் சொன்னன், அந்த ஃபாதர் நேரிலயும் அப்பிடித்தானே எண்டு. ஆனா காரணம் என்னெண்டா கெமராவில சத்தத்தை ஒரு அளவில பதிஞ்சிருக்கிறன், கொம்பியூட்டரில வேற அளவு. தொடக்கத்தில தெரியாது. ஒரு மணித்தியாலம் போனா, மாப்பிள்ளையின்ட ஓம் காதில விழ முதல் ஆக்கள் கை தட்டுறது தெரியும்.

இன்னொண்டு நாலு ஜிபி. டிஸ்க்கைப் பழைய முறையில ஃபோமட் பண்ணியிருந்தா, ஒரு ஃபைல் நாலு ஜிபிக்கு மேல வளராது. அந்த இடத்தில நிண்டுடும், ஏன் நிண்டனெண்டும் சொல்லாது. பக்கத்துக் கடை ஜபார் நானா எதுக்கும் ஃபோமட் பண்ணு எண்டுதான் சொல்லுவார். தலைவலி எண்டாலும் ஃபோமட். நான் சொன்னன், நானா, ஃபோமட் பண்றது வைத்தியமில்ல, அடக்கம் பண்றது.

இல்லக்கா, இது நாலு ஜிபி இல்ல. அதை நான் எப்பவோ பார்த்திட்டன். வயரும் இல்ல. இங்க உப்பளத்துக் காத்து, வயர்ட மூக்கெல்லாம் பச்சை பிடிக்கும், நான் கிழமைக்கு ஒருக்கா அழிறப்பரால தேய்க்கிறனான். எழுபத்திரண்டில நிக்கிறது வேற காரணம். அந்த இடத்தில அல்பொன்சாவும் மாப்பிள்ளையும் ஒரு இதய வடிவத்துக்குள்ள சுத்தி வருவாங்க. அருளப்பு அண்ணன் கட்டாயம் வேணுமெண்டு நிண்டார். அந்த இதயம் கொம்பியூட்டருக்குத் தாங்காது. அதைக் கழட்டிட்டு ரெண்டு துண்டா வெட்டி வெளிய எடுத்தா வந்திடும்.

ஏன் கழட்டல்ல எண்டா? கழட்டலாம். கழட்டுவம். பிளேன்டீ குடிக்கிறீங்களா? பாணும் இருக்கு. ஒண்டும் வேணாமா. காலையிலயிருந்து ஒண்டும் சாப்பிடல்ல எண்டு முகத்தில தெரியுது.

ஓம், இப்ப ஓடுறது அதுதான். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில ஆட்டம். அந்த நீலச் சேட்டு. நீங்க என்னைவிடக் கெதியாக் கண்டிட்டீங்க. அது அவன்ட சேட்டில்லையா? ஆரோ குடுத்ததா இருக்கும், கல்யாணத்துக்கு. கிட்ட வந்து பாருங்க, கண்ணாடியத் தொட்டாலும் காரியமில்ல. மெலிஞ்சு போனான் எண்டா சொல்றீங்க? கெமராவில ஆக்கள் கொஞ்சம் கொழுத்துத்தான் தெரிவாங்க. அப்ப நேரில இன்னும் மெலிவுதான்.

முழுக் கல்யாணமும் வெளிய வரத் தேவையில்ல, இந்த இடத்தில நிப்பாட்டி ஒரு படம் எடுக்க ஏலாதா எண்டு கேக்கிறீங்க.

நீங்க கெட்டிக்காரி அக்கா. ரெண்டு மணித்தியாலமா நான் கதைச்சதில இந்தக் கேள்விய எப்பவோ கேட்டிருக்கோணும்.

இந்தா, நிப்பாட்டிட்டன். பாருங்க. முகம் சீப்புப் பல்லு மாதிரிக் கோடு கோடா இருக்கு தானே. ஒரு செக்கனுக்கு இருபத்தைஞ்சு படம், அதில ஒவ்வொரு படமும் ரெண்டு பாதி. முதல் பாதி எடுத்து மற்றப் பாதி எடுக்கிறதுக்குள்ள ஆள் அசைஞ்சா இப்பிடித்தான். ஆடுற பிள்ளை அசையாம நிக்குமா. ஓடேக்க கண்ணுக்குத் தெரியாது, நிப்பாட்டினாத் தெரியும்.

திருத்த ஏலும். ஒரு பாதிய எறிஞ்சிட்டு மற்றப் பாதியால இடைவெளிய நிரப்புறது. பிறகு கொஞ்சம் வெளிச்சம் ஏத்தி, பின்னால நிக்கிறவங்கள வெட்டிட்டா ஸ்ரூடியோவில எடுத்த மாதிரி வரும். ஒரு நிமிச வேலை.

ஓம். ஒரு நிமிசந்தான்.

நீங்க கேக்கிறது சரி. அப்ப ஏன் உங்கள இருத்தி வச்சிருக்கிறன்.

பதினோராந்தேதி ரெண்டு பேர் வந்தாங்க. பகல்லதான், கடை திறந்து கொஞ்ச நேரத்தில. அருளப்பு அண்ணன்ட சொந்தக்காரர் ஒருத்தர்ட பேக்கில இருந்து ஒரு டிவிடி எடுத்திருக்கிறாங்க, எந்தச் செக்பொயின்ற் எண்டு எனக்குத் தெரியாது. அவங்கட கொம்பியூட்டரில போட்டா பாட்டு மட்டும் கேக்குது, படம் கறுப்பாம். கவரில என்ட கடைப் பேரும் நம்பரும் இருக்கு. மரியாதையாத்தான் கதைச்சாங்க. சிங்களத்தில மல்லி, மல்லி எண்டு, தம்பி எண்ட மாதிரி. பாட்டு கேக்குது படம் கறுப்பெண்டா, டிவிடியில குறையில்ல, படத்தை வாசிக்கிற ஒரு சின்னச் சாமான் அவங்கட மெசினில இல்ல. அதுவும் அந்தப் பட்டியல்ல இருக்கு.

எனக்கு ஏலாதெண்டு சொல்லியிருக்கலாம். அவங்களுக்கு இதில என்ன தெரியும்? டிஸ்க் கீறல் எண்டு சொல்லியிருந்தா எழும்பிப் போயிருப்பாங்க. சத்தியமா அக்கா, அது என்ட வாயில வரவேயில்ல. ஒரு ஆள் வந்து படம் வரல்ல எண்டு சொன்னா, என்ட கை தன்பாட்டில போகுது. என்ட மெசினில போட்டுக் காட்டினன், டிவிடியில ஆள் மங்கல் எண்டாங்க. நான்தான் சொன்னன், மூலம் இங்க இருக்கு, இதில தெளிவா எடுக்கலாமெண்டு. அவங்க கேக்கவுமில்ல, நான் சொன்னன். ஒருத்தர் விரலால காட்டினார், இந்த நீலச் சேட்டு எண்டு. எதுக்கெண்டு நான் கேக்கல்ல. கேட்டாத் தெரிஞ்சிடும் தானே. நிப்பாட்டினன். கோடு விழுந்தது, எடுத்தன். பார்த்தா பிள்ளை கண்ணை மூடியிருக்கிறான். அவங்க இது போதுமெண்டாங்க. நான் பொறுங்க எண்டு சொல்லிட்டு அடுத்த படத்துக்குப் போனன், அதிலயும் அரைக்கண். அஞ்சாவதிலதான் நல்லாத் திறந்து நேரப் பார்த்தான். அதை எடுத்தன். பெரியவர் என்ட முதுகில தட்டி, நீ வேலை தெரிஞ்சவன் எண்டார். எனக்குச் சந்தோசமா இருந்தது. அதையும் சொல்லத்தானே வேணும்.

கத்துறதெண்டா கத்துங்க. கதவைச் சாத்திறன்.

இல்லையா. சரி.

அந்த லாச்சியை இழுங்க, உங்கட கைப்பக்கம் இருக்கிறது. மஞ்சள் என்வலப். நான் இப்ப புதுசா எடுத்தாலும் இதைவிட நல்லா வராது. பாஸ்போட் சைஸ் எண்டா ஒரு தாள்ல எட்டு விழும். அவங்க ஆறு கொண்டு போனாங்க. ஃபோர்முக்கு எத்தின கேட்டாங்க, ரெண்டு தானே?