மினோரி கனடாவில் இருக்கிறாள்

— ஜன்னல் பக்கம் போகாதேன்னு எத்தனை தடவைடி சொல்றது, மினோரி? எதிர் வீட்டு ஒகுடா அக்கா வாசல்ல பனி தள்ளிக்கிட்டு நிக்கறாங்க.

— பனியைத்தான்மா பாத்தேன். வேற என்ன இருக்கு பாக்க?

— பாத்தது போதும், திரையை இழுத்து விடு. நீ கனடாவுல இருக்கே. ஞாபகம் இருக்கட்டும்.

— கனடாவுல கூட என்னை வெளிய விட்டாங்கம்மா.

— வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. இந்த வாயை அங்க காட்டியிருந்தா, ஒரு வருஷம் படிக்கப் போனவ இலை உதிர்றதுக்குள்ள பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்திருக்க மாட்டே.

— அங்க வாயைத் திறந்தாத்தானே. வகுப்புல எல்லாரும் சிரிச்சா நானும் சிரிப்பேன், எதுக்குன்னு தெரியாது. மத்தியானச் சாப்பாட்டை டாய்லெட்ல உக்காந்து சாப்பிட்டேன்.

— யாராவது திட்டினாங்களா? கை நீட்டினாங்களா?

— யாரும் ஒண்ணும் பண்ணல. நான் ஒருத்தி இருக்கறதே யாருக்கும் தெரியல. இங்க வந்தா அதையேதான் நீயும் பண்றே.

— நானா? ஊரு கண்ணுல படாம உன்னைக் கார்ல பின் சீட்ல போர்வை போட்டு மூடிக் கூட்டிட்டு வந்தேனே, என் நெஞ்சு எப்படி அடிச்சுது தெரியுமா?

— போர்வை நான் கேக்கலியே. நம்ம ஸ்கூல் டீச்சர் ஃபோன்ல என்ன சொன்னாங்க? மினோரி மேசை காலியாத்தான் இருக்கு, நாளைக்கே வரட்டும்னு சொல்லலியா?

— டீச்சர் வெளியூர்க்காரி, சொல்லிட்டுப் போயிடுவா. இந்த ஊரு உன்னை எப்படி அனுப்பி வச்சுது? ஸ்டேஷன்ல பேனர் கட்டி, 'பன்சாய்! பன்சாய்!'னு கையைத் தூக்கி வாழ்த்திக் கத்தி, ஒரு வீடு பாக்கியில்லாம வழியனுப்புக் காசை உறையில போட்டுக் கொடுத்து… ஊர்ப் பத்திரிகையில உன் படம் வேற. அவங்க மூஞ்சியில எப்படிடி முழிக்கறது?

— முழிக்க வேண்டியது நான்தானே. நான் முழிச்சுக்கறேன்.

— ஜூன் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ. வெளிநாடு போன மத்த பசங்க திரும்பி வர்றப்போ நீயும் வந்ததா ஆயிடும். போன இடத்துலேருந்து ஏதாவது கொண்டு வந்து தெருவுக்குக் கொடுக்கணுமேன்னு மேப்பிள் பிஸ்கட் கூட வாங்கி வச்சுட்டேன்.

— எங்க வாங்கினே?

— யோகோஹாமாவுல ஒரு கடை, ஆன்லைன்ல. ஆனா டப்பா மேல கனடா கொடி பெரிசா இருக்கு.

— ரொம்ப நல்லா இருக்கு. நேத்து என் ஃப்ரெண்டு அயானோ அங்க ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புடின்னா. நம்ம கொல்லைப் பனியைப் பிடிச்சு அனுப்பினேன். 'அட, நம்ம ஊர் மாதிரியே இருக்கே'ன்னு எழுதியிருக்கா. முதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்புறம் அழுகை வந்துச்சு.

— மினோரி…

— நீ கடைக்குப் போயிட்டா நான் டாய்லெட்ல தண்ணி கூட விடறதில்லம்மா, பக்கத்துல சத்தம் கேக்கும்னு. என் துணியெல்லாம் வீட்டுக்குள்ளயே காஞ்சு நாறுது. நான் என்ன திருடியா? மூச்சு முட்டுதும்மா எனக்கு.

— வீட்ல யாரும்மா? கதவைத் திறந்துட்டேன், கோவிச்சுக்காதே! நான்தான், ஒகுடா!

— ஐயோ, அவங்களேதான்! அலமாரிக்குள்ள போடி, மெத்தைக்குப் பின்னாடி. மூச்சு விடாதே… வாங்கக்கா, வாங்க! இதோ கீழ வரேன்!

— மெதுவா, மெதுவா, படியில உருண்டு வைக்காதே. இந்தா, தெருச் சுற்றறிக்கை. படிச்சுட்டு அடுத்த வீட்டுக்குத் தள்ளி விடு. நாளைக்குக் காலையில பசங்க கூரைப் பனி தள்ள வர்றாங்க, கேட்டியா? உன் வீட்டுக்காரர் வெளியூர்ல இருக்காரேன்னு உன் கூரைக்குத்தான் முதல்ல ஏறுவாங்க.

— வேண்டாம்க்கா! நானே பாத்துக்கறேன். என் கூரையில அவ்வளவாப் பனி இல்லியே.

— அதான் கேக்கறேன், ஏன் இல்ல? இந்தப் பக்கம் இடுப்பளவு நிக்குது. மினோரி ரூமுக்கு மேல மட்டும் விழ விழக் கரைஞ்சு ஓடுது. ஆளில்லாத ரூமுக்கு யாரும்மா ஹீட்டர் போடுவா?

— அது… துணி காயப் போட்டிருக்கேன்க்கா.

— மாடியில உன் துணி இருமுது, கேட்டியா?

— அக்கா…

— கூப்பிடு பிள்ளையை. பாவம், தூசியில கிடக்குது. மினோரி! இறங்கி வாம்மா, அத்தைதான்.

— அத்தை… மன்னிச்சுக்குங்க. எல்லாரும் அவ்வளவு ஆசையா அனுப்பி வச்சீங்க. என்னால முடியல.

— அட, கண்ணைத் துடை. எவ்வளவு வெளுத்துப் போயிட்டே! தெருவுக்கு இது முதல் பனியிலேயே தெரியும்மா. கூட்டத்துல வச்சுப் பேசி முடிச்சுட்டோம். யாரும் வாயைத் திறக்கக் கூடாது, உங்கம்மா மனசு நோகக் கூடாதுன்னு.

— எல்லாருக்குமா? நான் ஒரு பைத்தியக்காரி! ஊரே பாத்துக்கிட்டு இருக்கு, நான் திரையை இழுத்துக்கிட்டு இருக்கேன். தெய்வமா வந்தீங்கக்கா. நாளைக்கே இவளை ஸ்கூலுக்கு அனுப்பிடறேன்.

— நிஜமாவாம்மா? பஸ்லயா? எல்லாரும் போற பஸ்லயேவா?

— ஏய், இருங்க, இருங்க. என்ன பேச்சு இது? நாளைக்காவது ஒண்ணாவது! ஜூன்ல ஸ்டேஷன் வரவேற்புக்கு மேயர் வரேன்னுட்டாரு. சின்னப் பசங்க மேளம் பழகுதுங்க. இப்போ இவ தெருவுல வந்து நின்னா, இத்தனை மாசமா 'மினோரி அங்க எப்படி இருக்கா'ன்னு உன்னை விசாரிச்ச நாங்க எங்க மூஞ்சியை எங்க கொண்டு வைக்கறது?

— ஆனா உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே அத்தை.

— தெரியறது வேற, பாக்கறது வேற. நாளைக்கு வர்ற பசங்க கிட்ட அந்தப் பக்கம் தலையைத் திருப்பாதீங்கடான்னு சொல்லி வச்சிருக்கேன். உன் நல்லதுக்குத்தான் கண்ணு. ஜூன் என்ன, கண்ணை மூடித் திறந்தா வந்துடும். மேல போ. நான் இன்னிக்கு யாரையும் பாக்கல.

— சரிங்க அத்தை. போறேன்.

— மினோரி, நில்லு.

— பரவாயில்லம்மா. எனக்குப் பழகிடுச்சு.

— ஒகுடா அக்கா, வாசலை விட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பிள்ளை பூட்ஸ் போடணும்.