பெயர் மாற்றிய கல்யாண ஆல்பம்

"நம்ம கம்பெனி கிளவுட்ல ஃபைலுக்குப் பேர் மாத்தவே முடியாதுடா. புதுப் பேர்ல காப்பி எடுத்துட்டு, பழசை அழிக்கணும்."

பொம்மனஹள்ளி சிக்னலில் பேருந்து நின்றபோது, முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்த நண்பனிடம் சொன்னது இது. என் ஃபைல்களுக்கு 'புதியது', 'மிகப் புதியது', 'கடைசி' என்று பெயர் வைத்தே வயதாகிவிட்ட நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"சரி, அதுக்கென்ன இப்போ?"

"ஒரு கல்யாண ஆல்பத்துக்குப் பேர் மாத்த சின்னதா ஒரு புரோகிராம் எழுதினேன். காப்பி பாதியில நின்னுடுச்சு. அதைக் கவனிக்காம பழசு மொத்தத்தையும் அழிச்சிடுச்சு."

"அழிச்சதையும் எடுத்து வைக்கிற வெர்ஷனிங் ஆன்ல இருந்தா பழசு திரும்ப வருமே?"

"அது வேணாம்னு மீட்டிங்ல வாதாடினதே நான்தான்."

"போட்டோகிராபர் கேமரா கார்டுல இருக்கும்ல?"

"நம்மகிட்ட பத்திரமா இருக்குன்னு கார்டை அழிச்சிட்டாராம்."

நண்பன் குரலைத் தாழ்த்தினான். "அவர் அப்லோடே சரியா ஆகலன்னு சொல்லிடு. யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் போனை எடுத்து போட்டோகிராபரைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அந்தக் கல்யாண போட்டோஸ் பாதி போயிடுச்சு."

மறுமுனைக் குரல் எனக்கே கேட்டது. "எங்க வீட்டு நெட் மோசம்மா. ஏத்தும்போதே எனக்குச் சந்தேகமா இருந்துச்சு."

நண்பன் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டான்.

"இல்லண்ணா. நீங்க சரியாத்தான் ஏத்துனீங்க. அழிச்சது நான்."