அவரு பாக்காத ஸ்க்ரீன்

சொருவினதும் படம் வந்துடுச்சில்ல. கேபிள்ல ஒன்னும் கோளாறு இல்ல தம்பி, நான்தான் காலைல புடுங்கிவுட்டேன். ஷ்ஷ், மெதுவா. உள்ள ரூம்ல எங்க வூட்டுக்காரரு முழிச்சிகினுதான் கீறாரு. கை காலுதான் வராது, காது நல்லா கேக்கும். வாயி அதவிட நல்லா பேசும். நீ ரிப்பேரு பண்ற மாதிரியே கீழ குனிஞ்சிக்கோ, நான் சொல்றத கேளு.

தோ இந்த சின்ன டப்பா கீதுல்ல, ஒரு ஒயரு உள்ள போயி ரெண்டா வெளிய வருதே. ஆங், ஸ்ப்ளிட்டரு. அது அவரு சொல்லி வாங்கினது. ஒன்னு இங்க என் மானிட்டருக்கு, இன்னொன்னு செவுத்துல ஓட்ட போட்டு அவரு ரூமுக்கு. நான் இங்க இன்னா பண்றேனோ அது அப்டியே அங்கியும் தெரியும். ஒன்றர வருஷமா இதே கததான். எனக்கு இன்னா வேணும்னா, ரெண்டுலயும் வேற வேற வரணும். அவரு பாக்கறது ஒன்னு, நான் பாக்கறது ஒன்னு. முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லு. இன்னிக்கு நாலு மணிக்குள்ள வேணும்.

இந்த டப்பாவால முடியாதா? எத்தினி ஸ்க்ரீன் மாட்டினாலும் ஒரே படம்தானா? சிபியூல வீடியோவுக்கு ஒரே ஓட்டதான் கீது, சரி, பழசுதான், கடையில இருந்தது அது. அப்பறம்? யூஎஸ்பி ஓட்டையில ஒன்னு சொருவி அதுலேர்ந்து அவருக்குத் தனியா ஒயரா? கையிலயே வெச்சிகினு கீறியா? அப்ப போடு சாமி, இன்னாத்துக்கு என் மூஞ்சிய பாக்குற.

ஒன்னும் இல்லீங்க! ரிப்பேருக்கு வந்தவருதான்! பாத்துகினு கீறாரு!

மவுஸ தொட்டல்ல நீ. அங்க அம்பு நகர்ந்துடுச்சி. எவன்டா அது என் மவுஸ்ல கை வெக்கறதுன்னு கேக்குறாரு. இப்பவாவது புரியுதா?

உனக்கு தெரிஞ்சிருக்கும், திருக்கழுக்குன்றத்துல பஸ் ஸ்டாண்டாண்ட ராமதாஸ் டிசைன்ஸுன்னு. நீ அணுபுரத்து ஆளாச்சே, உங்க அக்கா கல்யாண பத்திரிகைகூட எங்க கடையிலதான் போட்டிருப்பீங்க. இருவத்திரண்டு வருஷம் தம்பி. சதுரங்கப்பட்டினத்துலேர்ந்து படாளம் வரைக்கும் காதுகுத்தோ, கல்யாணமோ, சாவோ, பேனரு போஸ்டரு எல்லாம் அவரு கைதான். ஒருநாள் மத்தியானம் மஞ்சநீராட்டு பேனரு ஒன்னு பண்ணிகினு இருந்தவரு, அப்டியே கீபோர்டு மேலயே சாஞ்சிட்டாரு. பக்கவாதம். கடைய கட்டி வூட்டுக்கு எடுத்துகினு வந்தோம். எனக்கு அப்ப ஃபைல் தொறக்கவும் மூடவும்தான் தெரியும். தெய்வா, நீ கையி, நான் கண்ணுன்னாரு. எனக்கும் அப்ப அது நல்லாத்தான் இருந்துச்சி, ஏன் பொய் சொல்லணும்.

இப்ப மூச்சு முட்டுது தம்பி. ஒரு எழுத்த அப்டி நகத்தினா போதும், உள்ளேர்ந்து, லெஃப்ட்ல தள்ளு, இன்னும் தள்ளு, போதும், உனக்கு கண்ணு கீதா இல்லயாம்பாரு. ஒருநாள் சும்மா ப்ளவுஸ் டிசைன் பாத்துகினு இருக்கேன், அந்தக் கழுத்து உனக்கு எடுக்காதுடின்றாரு. இன்னொரு நாள் எனக்கு மனசே சரியில்ல, ஒன்னும் செய்யாம வெறும் ஸ்க்ரீன பாத்துகினு உக்காந்திருந்தேன். ரெண்டு நிமிஷம்கூட ஆவல, ஏன் அம்பு நகரல, எங்க போயிட்டன்னு கத்துறாரு. எழுந்து போனாலும் தெரியும், உக்காந்து அழுதாலும் தெரியும். ஜெயில்ல கூட மத்தியானம் தூங்கவுடுவாங்க.

அப்டி பாக்காத. எவன்கூடயும் பேசறதுக்கு இல்ல. எனக்கு நாப்பத்தாறு வயசு, மவ படூர்ல காலேஜ்ல படிச்சிகினு கீறா. நீ நெனைக்கறதே தப்பு. வேலைய பாரு.

ஃபோன்ல பண்ணிக்கலாமா? அதெல்லாம் பாத்துட்டேன். ஃபோன்ல இந்த ஃபைல் தொறக்காது. அவரு ஒயர புடுங்கிவுட்டா அஞ்சு நிமிஷம்தான் பொறுப்பாரு. இன்னிக்கு காலைல புடுங்கினேன், கேபிள் போச்சுன்னு பொய் சொன்னேன். ஒடனே ஆள கூப்புடுன்னு அவருதான் உன் நம்பர சொன்னாரு. நம்பரெல்லாம் மனப்பாடம் அவருக்கு.

ஐயோ, ரெண்டும் கருப்பாயிடுச்சே! வந்துடுமா? சாஃப்ட்வேர் ஏறுதா? சரி சரி.

வந்துடுங்க! ரெண்டே நிமிஷம்! கத்தாதீங்க, அப்பறம் இருமல் வந்துடும்!

பாத்தியா, ரெண்டு நிமிஷம் பொறுக்காது. அவரு பேஜாரு அவருக்கு. படுத்த எடத்துலேர்ந்து அவருக்கு கீறது அந்த ஒரு சன்னல்தான், அதுவும் என் வழியாத்தான். எனக்கு தெரியாமலா இருக்கு. தெரிஞ்சும் கோவம் வருது, கோவம் வந்ததுக்கப்பறம் அழுகை வருது. இன்னா பண்ணச் சொல்ற.

மறைக்கற மாதிரி அப்டி இன்னா வேலையா? ஒன்னும் பெருசா இல்லப்பா. கண்ணீர் அஞ்சலி போஸ்டரு ஒன்னு ஓடிகினு கீது. நாள் கணக்கா ஓடுது.

அவருதுதான்.

ஏன் கைய நிறுத்திட்ட? நீ பாட்டுக்கு போடு. சித்திரையில செங்கல்பட்டுல காட்டினோம், கிட்னி ரெண்டும் போச்சு, வூட்டுக்கு இட்டுகினு போங்க, மாத்திரைய மட்டும் வுடாதீங்கன்னாங்க. வந்து மூணாம் நாளு, தெய்வா, புது ஃபைல் ஒன்னு போடுன்னாரு. இன்னா சைசுன்னேன். சைச சொன்னாரு. பேருன்னேன். அவரு பேர சொன்னாரு. நான் எழுந்து தோட்டத்துப் பக்கம் போயிட்டேன். வுடுவாரா? வேற எவன்கிட்டனா குடுத்தா என் மூஞ்சிய கலர ஏத்தி நாசம் பண்ணிடுவான், இந்த ஏரியாவுல அத்தினி பேருக்கும் நான் போட்டிருக்கேன், எனக்கு மட்டும் எவனோ போடறதா, நீ போடு, நான் பாத்து ஓகே சொல்றேன்னாரு. அவரு ஓகே சொல்லாம இதுவரைக்கும் ஒரு ஃபைலு பிரிண்டுக்கு போனதில்ல.

போட்டேன். மறைவுன்ற எடத்துல தேதி மட்டும் இல்ல. அதுக்கு எத்தினி எடம் வுடணும்னுகூட அவருதான் சொன்னாரு.

தெனம் நாலு மணிக்கு அத தொறக்கணும். அப்பதான் தம்பி கவனிச்சேன். வாந்தி வருது, வாணாம்னு மாத்திரைய துப்பிகினு இருந்த மனுஷன், கரெக்‌ஷன் பாக்கணும், கண்ணு மங்கக்கூடாது, மாத்திரைய குடுன்றாரு. ரெண்டு இட்லி சாப்புடறாரு. ஆனா ஒன்னு சொல்லி வெச்சிருக்காரு. இத ஓகே பண்ணிட்டா என் வேல முடிஞ்சிது தெய்வா, அப்பறம் இந்த மாத்திரை எழவெல்லாம் வாணாம், என்ன வுட்டுடுன்னு. வெளையாட்டுக்கு இல்ல. அவரு சொன்னா சொன்னதுதான்.

மொதல்ல நெசமாவே தப்பு இருந்துச்சி. எனக்கு அவ்ளோதான் கைவேல. அதெல்லாம் தீந்துபோச்சி. அப்பறம் நானே தப்பு போட ஆரம்பிச்சேன். குத்துவெளக்க ஃபோட்டோ மேல ஏத்திவுட்டேன். அவரு அண்ணன் பேருக்கு மேல தம்பி பேர தூக்கி வெச்சேன். பொறந்த வருஷத்த மாத்தினேன். எல்லாத்தையும் புடிச்சாரு. புடிச்சி, என்கூட இத்தினி வருஷம் குடும்பம் நடத்தியும் இதுதான் கத்துகினியான்னு அப்டி ஒரு திட்டு. அன்னிக்கு ராவு நல்லா தூங்கினாரு.

ஆனா நான் தப்பு போடறதும் அங்க தெரியுதே, இத்தினி நாளா கை தவறிடுச்சின்னு நெனச்சாரு. அதான் என் தலையெழுத்து. நேத்து வெளக்க லேசா நகத்தறேன், உள்ளேர்ந்து, ஏன் அத தொடற, சரியாத்தானே கீது, வுடுடின்னுட்டாரு. எல்லாம் கரெக்டா கீது, நாளைக்கு நாலு மணிக்கு கடைசியா ஒருவாட்டி பாத்துட்டு ஓகேன்னாரு. ரெண்டு மாசத்துக்கப்பறம் நேத்துதான் சிரிச்சாரு. ஓகேன்னா அதோட முடிஞ்சிதுல்ல, அதான் காலைல கேபிள புடுங்கினேன்.

வந்துடுச்சா? எங்க காட்டு. இது என்னுது, அம்ப இந்த ஓரத்துல தள்ளினா... அட, போயிடுச்சி. இப்ப அவரு பக்கத்துல கீதா? அவருக்கு நான் காலைல பண்ணிகினு இருந்த கல்யாண பத்திரிகை மட்டும்தான் தெரியுதா? இங்க நான் தொறந்து வெச்சிருக்கறது சுத்தமா தெரியாதா? நாலு மணிக்கு இந்த ஃபைல புடிச்சி அந்தப் பக்கம் இழுத்து வுட்டுட்டா போதும். சரி.

வந்துடுச்சிங்க! நல்லா தெரியுதா? தோ, நாலு மணிக்கு தொறக்கறேன்!

நீ கொஞ்சம் நகரு தம்பி, நேரமாவுது. ஃபோட்டோவ எடம் வலமா திருப்பிவுட்டுடறேன். சட்டப் பாக்கெட்டு வலது பக்கம் வந்துடும். வேற எவனா இருந்தாலும் கவனிக்க மாட்டான், இவரு பாத்த ஒடனே புடிச்சிடுவாரு. புடிச்சி நல்லா திட்டுவாரு. திட்டிட்டு, மாத்திரைய குடுன்னு வாய தொறப்பாரு.