தலைவர் அமர்ந்திருந்த ஆயில் பக்கெட்

ஆயுத பூஜைத் திருநாளில் அலங்கார மேடையை அலங்கரிக்கும் தலைவர், கேட்டதும் காரைக் கொடுத்த காருண்யர் நாராயணப்பன் ஐயா அவர்களே. கரி படிந்த கையால் கலை செய்யும் மெக்கானிக் பஷீர் அஹமது பாய் அவர்களே. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே மூச்சில் பேசும் குருபரப்பள்ளிப் பெருமக்களே. அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே. முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு என்னையே முறைக்கும் கோவிந்தப்பன் மாமா அவர்களே. எல்லாருக்கும் மேலாக, மேடைக்கு இடப்பக்கம் மாலையும் வாழைக்கன்றுமாக மணப்பெண் கோலத்தில் நிற்கும் எங்கள் வெள்ளை அம்பாசடர் அவர்களே! உங்கள் அனைவருக்கும் மேகலாவின் மகிழ்ச்சி வணக்கம்.

சிரிக்கிறீர்கள். காருக்கு எதற்கம்மா வணக்கம் என்று பின்னால் ஒருவர் கேட்கிறார். அண்ணா, ஒரு வருஷமாக ஒரு நாள்கூட மட்டம் போடாமல் வேலைக்குப் போன ஒரே ஆள் இந்த ஊரில் அதுதான். நீங்கள் எத்தனை நாள் போனீர்கள் என்று அண்ணியைக் கேட்கவா? வேண்டாம், உட்காருங்கள்.

போன வருஷம் எங்கள் நிலை என்ன? நான், சாந்தம்மா, பாய் மகள் வஜிஹா, கோவிந்தப்பன் மாமா மகள் தர்ஷினி, நால்வரும் ஓசூரில் இன்ஜின் பூட்டும் கம்பெனியில் முதல் ஷிஃப்ட். காலை ஆறு மணிக்கு லைனில் நிற்க வேண்டும். எங்களை ஏற்றிப்போன கம்பெனி பஸ் திடீரென்று நம் ஊர்வரை வராமல் சூளகிரியோடு திரும்ப ஆரம்பித்தது. விடியாத வேளையில் டவுன் பஸ் உண்டா? இல்லை. ஷேர் ஆட்டோ உண்டா? இல்லை. வேலையை விட்டுவிடு என்று சொல்ல ஆள் உண்டா? அது மட்டும் வீட்டுக்கு வீடு உண்டு.

அப்போதுதான் தலைவர் வீட்டுக் கொட்டகையில் இந்தக் காரைப் பார்த்தோம். பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஐயா பெருந்தன்மையோடு சொன்னார், "எடுத்துக்குங்கம்மா, கோழிய மட்டும் எறக்கி வுட்டுடுங்க." ஆனால் கோவிந்தப்பன் மாமா ஒரு நிபந்தனை போட்டார். "போங்க, வேணாங்கல. ஆனா நடுரோட்ல ஒரு தபா நின்னுச்சி, அன்னையோட எம் பொண்ணு வேலைக்குப் போறதும் நின்னுச்சி." ஒரு இன்ஜினை நம்பி தர்ஷினியின் பிழைப்பே இருந்தது.

பாயிடம் போனோம். "ரேஸ் ஓட்டவா, வேலைக்குப் போவவா?" என்று கேட்டார். வேலைக்குத்தான் பாய் என்றோம். "அப்ப பழசுன்னு பாவம் பாக்காதீங்க. தேஞ்சது எல்லாத்தையும் வெளிய போடுங்க" என்றார். போட்டோம். சிலிண்டரை லேத் பட்டறையில் கொடுத்து, தேய்ந்த உள்சுவரைக் கடைந்து போர் போட்டோம். புது பிஸ்டன் வந்தது, புது ரிங் வந்தது, புது பேரிங் வந்தது. பிஸ்டன் இறக்கியது நான். வால்வை உட்காரவைத்தது சாந்தம்மா. ஹெட் போல்ட்டை முறையாக முறுக்கியது வஜிஹா. தண்ணீர் ஊற்றி, ஒழுகல் உண்டா என்று டார்ச் அடித்துத் தேடியது தர்ஷினி. கம்பெனியில் வருஷக்கணக்காக அவரவர் செய்யும் அதே வேலை, அதே கை. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு கர்வம்.

இன்ஜின் காரில் ஏறிய அன்று வெள்ளிக்கிழமை. பாய் ஜும்மாவுக்குப் போயிருந்தார். தான் வரும்வரை சாவியைத் தொடாதீர்கள் என்று சொல்லித்தான் போனார். நம் தலைவர் விட்டாரா? "நல்ல நேரம் போவுதும்மா, போடு சாவிய" என்று கற்பூரத்தை ஏற்றிவிட்டார். நானும் போட்டேன். உர்ரென்று உறுமியது பாருங்கள், ஊரே கை தட்டியது, சாந்தம்மா குலவையிட்டாள்.

இன்ஜின் பிடித்த பிறகும் டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு அணையவில்லை. அதைப் பார்த்ததும் என் கை சாவியைத் திருப்பி அணைத்துவிட்டது. நான் அணைக்கவில்லை, கை அணைத்தது. கம்பெனியில் சிவப்பு எரிந்தால் லைனை நிறுத்து, காரணத்தை அப்புறம் கேள், அதுதான் பழக்கம். "ஏன்க்கா நிறுத்தன?" என்றாள் வஜிஹா. அது ஆயில் விளக்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஏய், ஆயில் யாரு ஊத்துனது?" ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கிறோம். நால்வரும் ஊற்றவில்லை. ஏன் தெரியுமா? எங்கள் கம்பெனியில் ஆயில் ஊற்றுவது அடுத்த ஹால்காரர்கள் வேலை.

கண்ணில் படட்டும் என்று பாய் ஆயில் பக்கெட்டைக் கார் முன்னாலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். அது ஏன் எங்கள் கண்ணில் படவில்லை? மன்னிக்க வேண்டும் தலைவர் அவர்களே, அதன்மேல் துண்டை விரித்து நீங்கள்தான் அமர்ந்திருந்தீர்கள். இன்றைக்கு உங்களுக்கு நாற்காலி போட்டது அந்தப் பயத்தில்தான்.

மறுநாள் பாய் காருக்கு அடியில் படுத்து, ஆயில் இல்லாமல் ஓடினால் முதலில் கீறல் விழும் பேரிங் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். பூட்டும்போது தடவிய எண்ணெய் காப்பாற்றியிருந்தது. "ஒரு கீறலும் இல்லமா" என்று அதை தர்ஷினி உள்ளங்கையில் வைத்தார். அவள் அழுதாள், நாங்களும் அழுதோம், சந்தோஷம் தாங்காமல் தலைவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெரியோர்களே, தாய்மார்களே, அன்றைக்குப் புரிந்தது எனக்கு. பஸ்ஸைக் கம்பெனி பார்க்கும் என்று நாங்கள் இருந்தோம். எங்களை வீடு பார்க்கும் என்று கம்பெனி இருந்தது. வருகிற மாப்பிள்ளை பார்ப்பான் என்று வீடு இருந்தது. எல்லாரும் அடுத்த ஹாலையே கைகாட்டினால், ஆயிலை ஊற்றுவது யார்? நாம்தான் ஊற்ற வேண்டும். நம் வண்டி, நம் வழி, நம் வேலை. ஊற்றினோம், ஓட்டினோம், ஒரு வருஷமாக மழையில் ஓட்டினோம், மேம்பால நெரிசலில் ஓட்டினோம். ஒரு தபாகூட நிற்கவில்லை மாமா.

இத்தனை நாள் ஓட்டிய என்னை இரண்டாம் ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டார்கள். இனி முதல் ஷிஃப்டுக்கு யார் ஓட்டுவது? தர்ஷினி லைசென்ஸ் வாங்கிவிட்டாள். என்ன மாமா, உங்களுக்கே தெரியாதா? கோபம் அப்புறம். தர்ஷினி, போய் ஸ்டியரிங்கில் உட்கார். மாமா, நீங்கள் எழுந்து வாருங்கள், பக்கத்து சீட்டு உங்களுக்குத்தான். வழி விடுங்கள், வருகிறார். கை தட்டுங்களேன், கூச்சப்படுகிறார் பாருங்கள்.

சாவியைத் திருப்பினால் சிவப்பு எரியும். இன்ஜின் பிடித்ததும் அணைய வேண்டும். அதை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் மாமா. ஸ்பீக்கர்காரத் தம்பி, பாட்டைப் போட்டுவிடாதே. தர்ஷினி, போடு.

கேட்கிறதா? முதல் திருகிலேயே கேட்கிறதா? மாமா, சிவப்பு என்ன ஆனது? காதில் விழவில்லை, இந்த மைக்கில் சொல்லுங்கள்.

"அணைஞ்சிடுச்சிம்மா. எம் பொண்ணே ஓட்டட்டும்."

மாமா சொன்னதற்குமேல் எனக்குப் பேச்சில்லை. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி, கார் கொடுத்தவருக்கும் கை கொடுத்தவருக்கும் நன்றி, வணக்கம்.